விடுதி தந்த புள்ளிகள் யாருக்குச் சொந்தம்?

ஷஅபான் மாதத்தில் ஒரு நாள், அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசலின் தாழ்வாரத்தில் அமர்ந்திருந்தேன். எங்கள் மஹல்லாவைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் ஸலாம் கூறி அருகில் வந்தமர்ந்தார். சென்னையில் ஒரு கம்பெனியில் பணியாற்றுபவர். மாதத்தில் பாதி நாட்கள் மும்பையிலும் துபையிலும் கம்பெனி வேலையாக நட்சத்திர விடுதிகளில் தங்குபவர்.

"ஹஜ்ரத், உம்மாவை உம்ராவுக்கு அழைத்துச் செல்ல நாடியிருக்கிறேன். மக்காவில் ஹரமுக்கு அருகிலேயே ஐந்து இரவுகள் தங்க நான் வாடகை கொடுக்க வேண்டியதில்லை. புள்ளிகள் சேர்ந்திருக்கின்றன. அவற்றைக் கொண்டு தங்குவது மார்க்கத்தில் கூடுமா?" என்று கேட்டார்.

புள்ளிகள் என்றால் என்னவென்று நான் அவரிடமே கேட்க வேண்டியதாயிற்று. கிதாபுகளை ஓதிப் பட்டம் பெற்ற எங்களுக்கு இத்தகைய புதுமைகளைக் கற்பிக்கும் உஸ்தாதுகள் இந்த இளைஞர்களே!

பெரும் விடுதிக் குழுமங்கள், தம்மிடம் மீண்டும் மீண்டும் வந்து தங்குவோரை உறுப்பினராகப் பதிந்து, அவர்கள் செலவிடும் தொகைக்கேற்பப் புள்ளிகளை வழங்குகின்றன. மாரியட் குழுமத்தின் பெரும்பாலான விடுதிகளில் ஒரு டாலர் செலவுக்குப் 10 புள்ளிகள். புள்ளிகள் போதிய அளவு திரண்டதும், அவற்றைக் கொடுத்துக் குழுமத்தின் வேறு விடுதிகளில் வாடகையின்றித் தங்கலாம். பில் தொகையைக் கட்டுவது கம்பெனியாக இருப்பினும், புள்ளிகள் தங்கியவரின் பெயரிலேயே ஏறுகின்றன. இந்தக் கடைசிச் செய்தியை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் மேலும் ஒன்று சொன்னார். விடுதிகள் கிஃப்ட் வவுச்சர் என்று ஒன்று விற்கின்றன. (இதைப் "பரிசுச் சீட்டு" என்று தமிழாக்க என் பேனா தயங்குகிறது. அப்பெயர் லாட்டரிக்கு உரியதாகிவிட்டது. தமிழ்நாட்டில் 2003இல் தடை செய்யப்பட்ட அந்த ஹராமோடு இது கலந்துவிட வேண்டாம்.) பண்டிகைக் காலங்களில் 10,000 ரூபாய் வவுச்சர் 9,000 ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதைத் தம் சொந்தப் பணத்தில் வாங்கி வைத்துக்கொண்டு, கம்பெனி வேலையாகத் தங்கும்போது அதைக் கொடுத்துக் கணக்கைத் தீர்க்கிறார். வவுச்சரால் தீர்த்தாலும் ரொக்கத்தால் தீர்த்தாலும் புள்ளிகள் ஒன்றே.

"9,000 கொடுத்து 10,000 பெறுவது வட்டியாகுமோ என்றுதான் அஞ்சுகிறேன், ஹஜ்ரத்" என்றார்.

அவருடைய அச்சம் போற்றற்குரியது. எனினும் அஞ்சிய இடம் வேறு. அஞ்சவேண்டிய இடம் வேறு. பணத்திற்குப் பணத்தைக் கூட்டியோ குறைத்தோ மாற்றுவது ரிபா. விடுதியின் வவுச்சரோ, ஓர் அறையில் தங்கும் பயனுக்கு முன்கூட்டியே கொடுக்கப்பட்ட கிரயத்தின் அத்தாட்சி. ஃபிக்ஹு நூல்களில் இஜாரா எனும் வாடகைப் பாடத்தில் இது அடங்கும். முன்பணம் தருபவருக்கு வாடகையைக் குறைப்பது உரிமையாளரின் விருப்பம். ஆனால் அந்த வவுச்சரைத் திருப்பிக் கொடுத்து முழுத் தொகையையும் ரொக்கமாகப் பெற முடியுமானால், அது பணத்திற்குப் பணமாகி ரிபாவின் வாயிலில் போய் நிற்கும். அத்தகையதை வாங்காதீர்கள்.

வாங்கிய வவுச்சரை மற்றவருக்கு விற்று இலாபம் காண்பதிலும் எச்சரிக்கை தேவை. மர்வான் மதீனாவின் ஆளுநராக இருந்த காலத்தில், அல்ஜார் துறைமுகத்துத் தானியத்தைப் பெற்றுக்கொள்வதற்கான சீட்டுகள் மக்களுக்கு வழங்கப்பட்டன. தானியத்தைக் கண்ணால் காணுமுன்னரே மக்கள் அச்சீட்டுகளைக் கைக்குக் கை விற்கலாயினர். ஜைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்கள் மற்றொரு தோழருடன் மர்வானிடம் சென்று, நீர் வட்டியை ஆகுமாக்குகின்றீரா என்று வினவினார்கள். மர்வான் காவலர்களை அனுப்பிச் சீட்டுகளைப் பறித்து உரியவர்களிடம் திருப்பிக் கொடுக்கச் செய்தார். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தா இதனைப் பதிந்துள்ளது. அறையும் தானியமும் ஒன்றல்ல என்பது மெய்யே. ஆயினும் சீட்டையே சரக்காக்கி வாணிபம் நடத்துவதில் பேணுதல் நன்று.

இவ்வளவும் விளக்கிய பின், இளைஞரிடம் நான் ஒன்று கேட்டேன்: "தம்பி, கம்பெனியிடம் எவ்வளவு பெறுகிறீர்கள்?"

சிறிது நேரம் மௌனமாக இருந்தார். பின்னர், "விடுதி தரும் பில் 10,000 ரூபாய்க்குத்தான் இருக்கும், அதைத்தான் கொடுக்கிறேன்" என்றார்.

நேயர்களே, சிக்கல் இங்கேதான் இருக்கிறது. கம்பெனியின் பொருட்டுச் செலவு செய்பவர் அதன் வக்கீல். நிக்காஹ் மஜ்லிஸில் பெண்ணின் சார்பில் வக்கீல் நிற்பதை நாம் அறிவோம். கொடுக்கல் வாங்கலிலும் அவ்வாறே. ஒருவருக்காக வாங்கச் சென்றவர், விற்பவன் குறைத்துத் தந்ததைத் தம் பையில் போட்டுக்கொள்ள உரிமை பெற்றவரல்லர். குறைந்த விலை அனுப்பியவருக்குரியது. கம்பெனி நாளொன்றுக்கு இவ்வளவு என்று படியாகக் கொடுத்து, மிச்சத்தை வைத்துக்கொள் என்று விட்டிருந்தால் நிலைமை வேறு. இவர் பெறுவதோ செலவின் ஈடு.

அவர் ஒரு நியாயம் சொன்னார். "பணம் முன்கூட்டியே போட்டது நான். வவுச்சர் காலாவதியானால் நஷ்டமும் என்னுடையதே. அப்படியிருக்க, ஆதாயம் எனக்கில்லையா?"

இதே நியாயம் ஏறக்குறைய 1,400 ஆண்டுகளுக்கு முன் கலீபா உமர் (ரலி) அவர்களின் திருமுன் வைக்கப்பட்டது. அவர்களுடைய புதல்வர்கள் அப்துல்லாஹ், உபைதுல்லாஹ் இருவரும் இராக் படையெடுப்பினின்று திரும்புகையில், பஸராவின் ஆளுநர் அபூமூஸா அல்அஷ்அரி (ரலி) அவர்கள் பொதுநிதியிலிருந்து அவர்களுக்குக் கடன் கொடுத்தார்கள். இராக்கில் சரக்கு வாங்கி மதீனாவில் விற்று, முதலைக் கலீபாவிடம் சேர்த்துவிட்டு இலாபத்தை வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். மதீனாவில் நல்ல இலாபம் கிடைத்தது. கலீபா அவர்களோ, படையில் இருந்த ஒவ்வொருவருக்கும் இப்படிக் கடன் கொடுத்தாரா என்று கேட்டார்கள். இல்லை என்றனர். அப்படியாயின் நீங்கள் என் மக்கள் என்பதாலன்றோ கொடுத்தார் என்று கூறி, முதலையும் இலாபத்தையும் ஒருங்கே கேட்டார்கள். அப்துல்லாஹ் வாய் திறக்கவில்லை. உபைதுல்லாஹ்வோ, பொருள் அழிந்திருந்தால் ஈடு செய்திருப்போர் நாங்களன்றோ என்று வாதாடினார். அவையிலிருந்த ஒருவர் இதனைக் கூட்டு வாணிபமாகக் கொள்ளலாமே என்று கூற, கலீபா அவர்கள் முதலுடன் இலாபத்தில் பாதியைப் பொதுநிதிக்கு எடுத்துக்கொண்டு மறுபாதியைப் புதல்வர்களுக்கு விட்டார்கள். நஷ்டத்தை ஏற்றவர் என்ற நியாயத்திற்கு இடமுண்டு. அதன் அளவைத் தீர்மானித்தவர் பொருளின் பொறுப்பாளரே, பயன் பெற்றவரல்லர்!

இனிப் புள்ளிகளுக்கு வருவோம். அஸ்து குலத்தவரான இப்னுல் லுத்பிய்யா என்பவரைப் பெருமானார் (ஸல்) அவர்கள் பனூ சுலைம் கூட்டத்தாரிடம் ஜகாத் திரட்ட அனுப்பினார்கள். திரும்பி வந்தவர், இன்னது உங்களுடையது, இன்னது எனக்கு அன்பளிப்பாக வந்தது என்று பிரித்து வைத்தார். அண்ணலார் மிம்பரில் ஏறி, இவர் தம் பெற்றோரின் இல்லத்தில் அமர்ந்திருந்தால் இந்த அன்பளிப்பு இவரைத் தேடி வந்திருக்குமா என்று வினவினார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ள ஹதீஸ் இது. விடுதியின் புள்ளிகள் லஞ்சமல்ல. ஊரறிய எல்லோருக்கும் தரப்படுவன. ஆயினும் கம்பெனி அனுப்பாதிருந்தால் அவை வந்திரா.

உலகத்துச் சட்டங்களும் இதில் ஒருமித்து நிற்கவில்லை. அலுவல் பயணத்தில் சேரும் விமானப் புள்ளிகள் முதலாளிக்குரியவை என்று ஜெர்மனியின் உயர் தொழிலாளர் நீதிமன்றம் 2006இல் தீர்ப்பளித்தது. அமெரிக்காவிலோ, அரசுக்குரியதாய் இருந்த அப்பயனை ஊழியரே வைத்துக்கொள்ளலாம் என்று 2001 டிசம்பரில் சட்டம் திருத்தப்பட்டது. நம் இந்திய நிதியமைச்சகம் 2017 ஜூலையில் பிறப்பித்த ஆணைப்படி, மத்திய அரசு ஊழியர் அலுவல் பயணத்தில் சேர்க்கும் விமானப் புள்ளிகளை அவர்தம் துறையே வேறு அலுவல் பயணத்திற்குப் பயன்படுத்த வேண்டும். சொந்தப் பயணத்திற்கு எடுத்தால் துறை நடவடிக்கை உண்டு. உங்கள் வீட்டுப் பிள்ளை அரசுப் பணியில் இருந்தால் இதைப் படித்துக் காட்டுங்கள். தனியார் கம்பெனிகளில் உரியவர் அனுமதித்தால் அது ஹிபா, ஆகுமான அன்பளிப்பு. அனுமதியை ஊகித்துக்கொள்ளாமல் கேட்டுப் பெறவேண்டும்.

இளைஞர் மறுநாளே தம் கம்பெனியின் கணக்குப் பிரிவுக்கு எழுதினார். இரு வாரங்கள் பதிலில்லை. அவருடைய தவிப்பை ஒவ்வொரு தொழுகையிலும் கண்டேன். பின்னர் வந்த பதிலைக் கைபேசியில் காட்டினார். புள்ளிகளை ஊழியரே வைத்துக்கொள்ளலாம். வவுச்சருக்கு உண்மையில் கொடுத்த தொகையை மட்டுமே இனிக் கோர வேண்டும். முன்னர் பெற்ற வித்தியாசம் சம்பளத்தில் பிடிக்கப்படும் என்றிருந்தது. வித்தியாசம் 18,400 ரூபாய் என அவரே கணக்கெழுதிக் கொடுத்திருந்தார்.

ஷவ்வாலில் தாயாருடன் புறப்பட்டுச் சென்றார். அதற்குள் மக்கா விடுதி கேட்கும் புள்ளிகள் கூடிவிட்டன. கையிருப்பு நான்கு இரவுகளுக்கே எட்டியது. ஐந்தாம் இரவின் வாடகையைத் தம் சம்பளத்திலிருந்து கட்டினாராம்.