ஒளிப்பட உத்திகளும் உழைப்போர் உருவமும்: மலையகத்தை முன்வைத்து ஒரு நோக்கு

கமராவினுள் நிகழ்த்தப்படும் உத்திகள் நேர்மையானவை, கணினியில் நிகழ்த்தப்படும் மாற்றங்கள் பொய்மையானவை என்றொரு கருத்து ஒளிப்படம் பற்றிய விவாதங்களில் அடிக்கடி முன்வைக்கப்படுகின்றது. தொழில்நுட்பத்தைச் சமூக உறவுகளினின்றும் பிரித்து நோக்குவதன் விளைவே இது. மலையக வரலாற்றின் பின்னணியில் இதனை ஆராய்வது பயனுடைத்து.

முதற்கண் இரண்டிற்குமுள்ள வேறுபாட்டைத் தெளிந்துகொள்வோம். கமரா உத்தி, ஒளி பதியும் வேளையிலேயே நிறைவேறுவது. ஒரே தகட்டில் இருமுறை ஒளிபாய்ச்சி ஒருவரை இருவராகக் காட்டுதல், ஒளிபுகும் நேரத்தை நீட்டி ஓடும் நீரைப் புகையாக்குதல், குவியத்தை நெகிழ்த்தி உருவத்தை மென்மையாக்குதல் என்பன இவ்வகையின. கணினி முறையிலோ படம் எண்களாகிவிடுகின்றது. ஒவ்வொரு புள்ளியையும் பின்னர் தனித்தனியே மாற்றலாம். 1990இல் போட்டோஷொப் மென்பொருள் வெளிவந்த பின்னர் இம்முறை பரவலாயிற்று. ஆயின், படங்களை ஒட்டி இணைத்தல் கணினியுடன் பிறந்ததன்று. 1857இலேயே ஒஸ்கார் றெயிலண்டர் 30இற்கு மேற்பட்ட நெகற்றிவ்களை இருட்டறையில் இணைத்து ஒரே படமாக்கினார்.

பொகவந்தலாவைப் புனித மரியாள் தேவாலய வளவில் அடக்கம் செய்யப்பட்டுள்ள ஜூலியா மார்கிரட் கமெரன் (1815-1879) இங்கு மனங்கொள்ளத்தக்கவர். கோப்பித் தோட்டங்களை உடைமையாகக் கொண்ட குடும்பத்தவரான அவர் 1875இல் இலங்கையிற் குடியேறினார். குவியம் முற்றாகக் கூர்மையடையுமுன் நிறுத்திப் படமெடுப்பது அவர் கைக்கொண்ட உத்தி. இங்கிலாந்தில் தார்வினையும் தெனிசனையும் படமெடுத்த அவர், இலங்கையில் ஓவியர் மரியான் நோர்த்தையும் எடுத்தார். இவர்களது பெயர்கள் நிலைத்துள்ளன. 1878 அளவில் மேற்குக் கரையில் எடுக்கப்பட்ட படமொன்றில் நிற்போரோ 'களுத்துறைக் குடியானவர் குழு' என்னும் பொதுத் தலைப்பினுள் மறைந்துபோகின்றனர். கணினி இல்லாத காலத்திலேயே அவர்களது பெயர்கள் இழக்கப்பட்டுவிட்டன. உடைமையாளருக்கும் உழைப்பாளருக்கும் இடையிலான உறவே அவற்றை மறைத்தது.

எனினும் கருவியின் மாற்றம் பொருளற்றதென நாம் கூறவில்லை. பழைய உத்தி எதுவாயினும், மனிதர் கமராவின் முன் நின்றேயாக வேண்டும். தகடு அதன் தடயமாக எஞ்சும். இன்றோ கொழுந்து பறிக்கும் பெண்ணின் இடுப்பிலுள்ள படங்கை அகற்றலாம். பின்னணி லயத்தை அழித்துப் பசுமையால் நிரப்பலாம். செயற்கை நுண்ணறிவினால் அவளின்றியே அவளது புன்னகையை உருவாக்கலாம். உழைப்பவளே வேண்டப்படாத உழைப்பின் படம் தேயிலைப் பொதியை அலங்கரிக்க முடியும். பண்டமாக்கலின் உச்சநிலை இதுவெனலாம்.

ஆயினும் இக்கருவிக்கு மறுபக்கமும் உண்டு. தோட்டத்து இளைஞரின் கைபேசியிலும் இன்று கமரா உள்ளது. ஒழுகும் கூரையையும் கொழுந்து நிறுக்கும் தராசையும் அவர்களே பதிவுசெய்யலாம். எனவே, மலையகப் படங்களைத் திரட்டுவோரும் வெளியிடுவோரும் படத்திலுள்ளவர் விரும்பின் அவர் பெயரையும், இடம், திகதி, செய்யப்பட்ட மாற்றம் என்பவற்றையும் உடன் குறித்தல் வேண்டும். யார், யாருக்காக, எதனை நீக்கினர் என்ற வினாக்களுக்கு விடையளிக்கும் படமே வரலாற்றுச் சான்றாகும் தகுதி பெறுகின்றது.