நோய் உடலில் மட்டுமா இருக்கின்றது?

2012 ஆம் ஆண்டளவில் வலிகாமத்தில் இருந்த நலன்புரி நிலையமொன்றிற்கு அடிக்கடி சென்று வந்தேன். 1990 இல் வசாவிளான் பக்கத்திலிருந்து இடம்பெயர்ந்த கமக்காரக் குடும்பங்கள் பல அங்கே இருந்தன. ஒருநாள் ஐம்பது வயது கடந்த தாயொருவர் ஆஸ்பத்திரித் துண்டுகளுடன் வந்தார். நாரி உளைவு, தலையிடி, இரவில் நெஞ்சடைப்பு. இரத்தம் சோதித்திருந்தார்கள்; படமும் பிடித்திருந்தார்கள்.

"ஒண்டுமில்லையாம் சுவாமி. எல்லாம் சரியாம். அப்ப ராவில நெஞ்சுக்கு மேல ஏறி இருக்கிறது என்ன?"

எனக்கு மறுமொழி தெரியவில்லை. டொக்டரையும் குறைகூற முடியாது. வாசல்வரை வரிசை நிற்க, ஒருவருக்கு ஓரிரு நிமிடம்தான் அவரால் ஒதுக்க முடியும். அந்த நேரத்திற்குள் அவர் தேடவேண்டியதைத் தேடினார்; கிடைக்கவில்லை.

அவர் தேடிய முறைக்குச் சமூகவியலாளர் 'உயிர்மருத்துவ அணுகுமுறை' என்று பெயரிடுவர். கமக்காரருக்கு இதை விளக்குவது இலகு. தண்ணீர் இறைக்கும் மிஷின் நின்றுவிட்டால் மெக்கானிக் வந்து கழற்றிப் பார்ப்பார். பழுதான பாகத்தை மாற்றுவார், மிஷின் ஓடும். உடலையும் இவ்வாறே பார்ப்பதுதான் அந்த அணுகுமுறை. மிஷினில் பழுதில்லை, கிணறுதான் வற்றிவிட்டது என்றால்? மெக்கானிக் "ஒன்றுமில்லை" என்றுதான் சொல்வார். அது பொய்யல்ல. ஆனால் பயிர் வாடிக்கொண்டே இருக்கும்.

இந்த அணுகுமுறை சாதித்தவற்றை மறுப்பது நன்றிகெட்டதனம். 1882 இல் றொபேட் கொக் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்தார். பரம்பரைச் சாபம் என்று ஒதுக்கப்பட்ட நோய் பின்னர் குளிசையால் மாறும் நோயாயிற்று. யுத்தகாலத்தில் வன்னியிலும் குடாநாட்டிலும் எத்தனை பேர் மலேரியாவில் நடுங்கினோம்! 2016 இல் இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. ஆனால் குளிசை மட்டும் அதைச் செய்யவில்லை. வீடுவீடாக மருந்து தெளித்தவர்களும், நுளம்பு வலைகளும், காய்ச்சல்காரரைத் தேடிச் சென்று இரத்தம் எடுத்தவர்களும் அதில் பங்காளிகள்.

காசநோயிலும் அவ்வாறே. அதற்கான முதல் மருந்து 1940களில்தான் வந்தது. இங்கிலாந்தில் அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பிருந்தே காசநோய் மரணங்கள் குறைந்து வந்தன. நல்ல உணவும் வாழ்க்கைத்தர உயர்வுமே முக்கிய காரணம் என்று தோமஸ் மக்கியோன் என்ற மருத்துவப் பேராசிரியர் வாதிட்டார். எவ்வளவு பங்கு எதற்கு என்பதில் இன்றும் விவாதம் உண்டு.

இன்னும் பின்னே போனால், 1848 இல் வேர்ச்சோ என்ற இளம் ஜேர்மன் மருத்துவர் மேல் சைலீசியாவில் பரவிய காய்ச்சலை ஆராய அரசினால் அனுப்பப்பட்டார். அவர் எழுதிக் கொடுத்த மருந்துச் சீட்டு விசித்திரமானது: மக்களாட்சி, கல்வி, வீதிகள், கமத்தொழில் முன்னேற்றம். அரசு அதை விரும்பவில்லை.

எமது முகாம்களுக்கு வருவோம். குடாநாட்டின் நிலத்தடி சுண்ணாம்புக்கல். மேலே ஊற்றுவது விரைவில் கீழே இறங்கும். இரண்டு பரப்புக்குள் நாற்பது குடும்பம், ஒரு கிணறு, பக்கத்திலேயே மலசலகூடக் குழி என்றிருந்தால் வயிற்றோட்டம் வராமல் என்ன செய்யும்? பிள்ளைக்கு ஜீவனி கரைத்துக் கொடுப்பது உடனடிக் கடமை. ஆனால் மாதந்தோறும் கரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தால் நோய் பிள்ளையிடம் இல்லை, காணிப் பங்கீட்டில் இருக்கின்றது.

அந்தத் தாயின் நெஞ்சடைப்பு இதனிலும் சிக்கலானது. யாழ். பல்கலைக்கழக மருத்துவபீடத்தின் உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் யுத்தம் எம்மக்களின் உள்ளத்தில் விட்ட காயங்களை 1998 இல் நூலாக எழுதினார். எம்மவர் துயரத்தைத் துயரமென்று சொல்வது குறைவு. தலையிடி, உளைவு, பெருமூச்சு என்று உடலினூடாகவே சொல்கின்றனர். 2007 இல் அவர் மேலுமொரு படி சென்றார். காயம் தனிமனிதருக்கு மட்டுமல்ல, சமுதாயத்திற்கே ஏற்பட்டது என்றார். ஒருவரையொருவர் நம்பாமை, மௌனம், கையேந்திப் பழகுதல், செயலற்றுப் போதல் ஆகியவற்றை அதன் அறிகுறிகளாகக் கண்டார். இவற்றை எந்தப் படத்தில் பிடிப்பது?

எம்மிலும் குறையுண்டு. ஊசி போடாத டொக்டரை நாம் டொக்டராகவே மதிப்பதில்லை. சேலைன் ஏற்றினால்தான் திருப்தி! இன்னொரு பக்கம், "கவலையாலதானே வந்தது" என்று பிரஷர் குளிசையை நிறுத்திவிட்டுப் பாரிசவாதத்தில் விழுந்தவர்களையும் கண்டிருக்கின்றேன். கவலையால் வந்த பிரஷரும் பிரஷர்தான். குளிசையைத் தவறாது போடுங்கள். அதேவேளை, சோதனையில் ஒன்றுமில்லை என்றால் நடிப்பு என்று உங்கள் மாமியையோ மனைவியையோ ஏசாதீர்கள். டொக்டரிடம் நித்திரை இல்லாததையும், காணியை நினைத்து அழுவதையும் சொல்லுங்கள். கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

1847 இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க மிஷன் டொக்டர் சாமுவேல் கிறீன், மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார், நூல்களையும் தமிழாக்கினார். நோயாளியின் மொழி அவருக்கு வேண்டியிருந்தது. இன்று எமது துண்டுகளில் எழுதியிருப்பதை எத்தனை பேரால் வாசிக்க முடிகின்றது?

வசாவிளானின் சில பகுதிகள் பின்னர் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டன. அந்தத் தாயின் காணியில் ஒரு துண்டும் கிடைத்தது. நான் போனபோது வீடு இருந்த இடத்தில் பற்றை. கிணறு தூர்ந்து கிடந்தது. மகனும் அயலவர் மூவரும் கல் எடுத்துக் கொண்டிருந்தார்கள். நாரி உளைவு இன்னமும் இருக்கிறதாம். இப்போது அது வேலையால் என்றார். நெஞ்சடைப்பைப் பற்றிக் கேட்டேன். "இடைக்கிடை வரும் சுவாமி" என்றவர், வியாழக்கிழமை கிளினிக்குக்குப் பஸ் எத்தனை மணிக்கு என்று மகனிடம் கேட்டார்.