அராபியக் கட்டிளமைப் பருவத்தினரும் வன்முறைத் தணிவும்

வன்முறை பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் அதன் தோற்றுவாயையே நாடுகின்றன. அதனைத் தணிக்கும் காரணிகள் யாவை என்னும் வினாவும் அதேயளவு முக்கியமானது. இஸ்ரேலின் குடியுரிமை பெற்ற பலஸ்தீன அராபியரை முன்வைத்து அதனை நாம் நோக்கலாம்.

அந்நாட்டு மக்கட்டொகையில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கினரான இவர்கள் 1966 வரை இராணுவ ஆட்சியின் கீழ் வாழ்ந்தனர். 1976 மார்ச் 30 இல் நிலப் பறிப்புக்கெதிராக எழுந்த போராட்டத்தில் அறுவர் கொல்லப்பட்டனர். கட்டட அனுமதியும் வங்கிக் கடனும் எளிதிற் கிட்டாத ஊர்களிலே குற்றக்குழுக்கள் கடன் கொடுப்போராக இடம்பிடித்தன. 2023 இல் குற்றச்செயல்களின் விளைவாக 240 இற்கு மேற்பட்ட அராபியர் கொல்லப்பட்டனர். இத்தொகை முந்திய ஆண்டினதைப் போல் இரு மடங்காகும். இதற்கு ‘அராபியப் பண்பாடே’ காரணம் என்பது ஒடுக்குமுறையை மறைக்கும் கருத்தியலேயன்றி விளக்கமன்று.

எனினும், இதே சூழலில் வளரும் கட்டிளமைப் பருவத்தினருட் பெரும்பாலோர் வன்முறையை நாடுவதில்லை. பொருளாதார அடிப்படையை மட்டும் சுட்டி இதனை விளக்கிவிட இயலாது. இவ்விடத்து உளவியல் நமக்குத் துணைபுரிகின்றது. மைக்கேல் றோசன்பாம் 1980 இல் வெளியிட்ட அளவுகோல், தன்கட்டுப்பாட்டைப் பிறவிக் குணமாகவன்றிக் கற்கப்படும் திறன்களின் தொகுதியாகவே கொள்கின்றது. உணர்ச்சி மேலிடும்போது தனக்குத்தானே கூறித் தெளிதல், சிக்கலைத் திட்டமிட்டுத் தீர்த்தல், உடனடி நிறைவைத் தள்ளிவைத்தல், தன்னால் இயலும் என்னும் நம்பிக்கை ஆகியன அவற்றுள் அடங்கும்.

கற்கப்படும் ஒன்றாயின், அதனைக் கற்பிக்கும் சமூகமும் வேண்டும். பெற்றோரின் அரவணைப்பும் கண்காணிப்பும், ஆசிரியரின் ஆதரவு, வன்முறையை வீரமெனக் கொள்ளாத நண்பர் குழாம் ஆகியன இங்கு இன்றியமையாதன. மரபு நிறுவனங்களோ முரண்பட்ட முறையில் தொழிற்படுகின்றன. ‘சுல்ஹா’ எனப்படும் சமரச முறையினூடாக ஊர்ப் பெரியோர் பழிவாங்கலைத் தடுக்கின்றனர். ஆயின், ‘ஹமூலா’ எனும் பெருங்குடும்பப் பற்று இளைஞனைப் பகைக்குள் இழுப்பதுமுண்டு. மரபை முற்றாகப் போற்றலோ தூற்றலோ பொருந்தாது.

தள்ளிவைக்கும் இன்பம் நாளை கிட்டும் என்னும் உறுதியின்றித் தன்கட்டுப்பாடு நிலைக்காது. கல்வி முடிந்தபின் தொழிலோ வீடமைக்கக் காணியோ இல்லாத இளைஞனிடம் பொறுமையை மட்டும் போதித்தல், ஒடுக்கப்பட்டோனிடமே பொறுப்பைச் சுமத்துவதாகும். அதேவேளை, அமைப்பு மாறும்வரை காத்திருத்தல் இன்று வகுப்பறையிலிருக்கும் சிறுவனைக் கைவிடுவதாகவே முடியும். ஆகவே, பாடசாலையில் இத்திறன்களை வளர்க்கும் பணியும் நில, தொழில் உரிமைக்கான போராட்டமும் ஒருங்கே முன்னெடுக்கப்படல் வேண்டும் என்பதே நமது முடிபு.