தொட்டால் உறுத்தும் மஞ்சள் படிகம்

எம்.எஸ்சி. வேதியியல் படித்தவர்களுக்கு அந்த வாசனை மறக்காது. பென்சால்டிஹைடு பாட்டிலைத் திறந்தால் பேக்கரிக்குள் நுழைந்ததுபோல் பாதாம் எசன்ஸ் மணம். பக்கத்தில் அசிட்டோஃபீனோன், பூவாசம் கலந்த ஒரு தித்திப்பு. காஸ்டிக் சோடாவைத் தண்ணீரிலும் ரெக்டிஃபைடு ஸ்பிரிட்டிலும் கரைத்து, குடுவையை ஐஸ் தண்ணீரில் இருத்தி, முதலில் அசிட்டோஃபீனோனையும் பிறகு பென்சால்டிஹைடையும் விட்டுக் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். சூடு 30 டிகிரியைத் தாண்டக் கூடாது. இரண்டு மூன்று மணி நேரத்தில் கலவை கூழாக இறுகும். ஸ்டிர்ரரின் காந்தக் குச்சி சுற்ற முடியாமல் திணறி நின்றுவிடும். ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் வைத்துக் காலையில் வடிகட்டினால், வடிதாளில் வெளிர் மஞ்சளாக ஒரு திடப்பொருள். அதுதான் சால்கோன். லிட்மஸ் தாள் நிறம் மாறாத வரை கழுவி, சூடான ஸ்பிரிட்டில் கரைத்து ஆறவிட்டால் பளபளவென்று படிகம் இறங்கும். உருகுநிலை 56, 57 டிகிரி. வெந்நீர்ச் சூட்டிலேயே உருகிவிடும்.

நான் முதன்முதலில் செய்தபோது யீல்டு எவ்வளவு என்ற ஆர்வத்தில் கையுறை போடாமல் வடிதாளைச் சுரண்டிவிட்டேன். சாயங்காலம் விரலிடுக்கெல்லாம் சிவந்து அரித்தது. மறுநாள் வோகல் எழுதிய செய்முறைப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தால், இந்தப் பொருள் தோலை உறுத்தும், கவனமாகக் கையாள வேண்டும் என்று அதிலேயே எச்சரித்திருக்கிறார். யாரும் நின்று படிக்காத வரி அது. சால்கோனிலிருந்து மருந்து வருமா, வராதா என்ற கேள்விக்கான பாதி பதில் அந்த வரியில்தான் இருக்கிறது என்பது எனக்குப் பல ஆண்டுகள் கழித்தே புரிந்தது.

சால்கோனின் அமைப்பு எளிது. இரண்டு பென்சீன் வளையங்கள், நடுவே மூன்று கார்பன் அணுக்களால் ஆன பாலம். அந்தப் பாலத்தில் ஒரு கீட்டோன், அதை ஒட்டியே ஓர் இரட்டைப் பிணைப்பு. இந்த இரண்டும் அடுத்தடுத்து அமைந்ததால் பாலத்தின் ஒரு முனை கொக்கிபோல ஆகிவிடுகிறது. நம் உடம்பின் புரதங்களில் சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் உண்டு. அதிலுள்ள கந்தகத்தைக் கண்டால் இந்தக் கொக்கி பற்றிக்கொள்ளும். கிருமியின் புரதமானாலும், புற்றுநோய்ச் செல்லின் புரதமானாலும், என் விரலிடுக்குத் தோலின் புரதமானாலும் அதற்கு ஒன்றுதான்.

ஆல்டிஹைடும் கீட்டோனும் சேர்ந்து சால்கோன் தரும் வினையை 1880-களின் தொடக்கத்தில் கிளைசனும் ஷ்மிட்டும் ஆராய்ந்ததால் இன்றும் அவர்கள் பெயரிலேயே வழங்குகிறது. சால்கோன் என்று பெயர் வைத்தவர் கோஸ்டனெக்கி. செம்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர், நிறத்தைப் பார்த்து வைத்தது.

நம் கல்லூரி ஆய்வகங்களில் இதற்கு இத்தனை மவுசு இருப்பதில் வியப்பில்லை. நைட்ரஜன் சிலிண்டர் வேண்டாம், விலையுயர்ந்த வினையூக்கி வேண்டாம். பத்து ஆல்டிஹைடும் பத்து கீட்டோனும் அலமாரியில் இருந்தால் கணக்குப்படி நூறு சால்கோன்கள். ஒன்றில் குளோரின், ஒன்றில் மெத்தாக்ஸி, ஒன்றில் நைட்ரோ என்று மாற்றிக்கொண்டே போகலாம். அதோடும் நிற்பதில்லை. ஹைட்ரசீனோடு கொதிக்க வைத்தால் பைரசோலின், குவானிடினோடு பிரிமிடின், ஹைட்ராக்ஸிலமினோடு ஐசாக்சசோலின். ஐந்து அணு வளையமும் ஆறு அணு வளையமும் மருந்து வேதியியலில் பழகிய முகங்கள் என்பதால் கைடுகளுக்கும் இது பிடிக்கும். ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்: வளையம் மூடும்போது கொக்கி செலவாகிவிடுகிறது. சால்கோன் வேலை செய்ததற்கு ஒரு காரணம் இருந்தால், அதிலிருந்து வந்த பைரசோலின் வேலை செய்வதற்கு வேறொரு காரணம் இருந்தாக வேண்டும். இரண்டையும் ஒரே அட்டவணையில் அடுக்கி ஒப்பிடும்போது இது விட்டுப்போகிறது.

இந்தக் குடும்பத்தின் வேதியியலில் நம்மவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. குளித்தலையில் 1900-இல் பிறந்த டி. ஆர். சேஷாத்ரி, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, மான்செஸ்டரில் ராபர்ட் ராபின்சனிடம் ஆய்வு செய்து திரும்பி, ஆந்திரப் பல்கலைக்கழகத்திலும் பிறகு டெல்லியிலும் பூக்களின் மஞ்சள் நிறமிகளையே வாழ்நாள் வேலையாகக் கொண்டவர். சென்னையில் பிறந்த கே. வெங்கட்ராமனும் அதே ராபின்சனின் மாணவர்தான். பேக்கர்-வெங்கட்ராமன் மறுசீரமைப்பு என்று உலகெங்கும் பாடப்புத்தகத்தில் இருப்பது இவர் பெயர்.

செடிகளுக்குச் சால்கோன் புதிதல்ல. பூவின் நிறத்துக்கான பல பொருள்களைச் செடி சால்கோன் வழியாகத்தான் செய்துகொள்கிறது. புரசம்பூவில் பியூட்டீன் என்ற சால்கோன் இருக்கிறது. அதிமதுரத்தில் ஐசோலிக்விரிட்டிஜெனின். கபிலப்பொடியைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

கபில மரத்தின் சிறு காய்களின் மேல் செங்கல் நிறத்தில் ஒரு தூள் படிந்திருக்கும். காயைக் கையில் வைத்துத் தேய்த்தால் உள்ளங்கை சிவந்துவிடும். பட்டுக்குச் சாயமேற்றவும், வயிற்றுப் பூச்சிக்கு மருந்தாகவும் நெடுங்காலமாகப் பயன்பட்டது. தரங்கம்பாடிக்கு 1776-இல் மிஷனரியாக வந்தவர் யோஹான் பீட்டர் ராட்லர். செடிகொடிகளைத் தேடித்தேடிச் சேகரித்தவர், தமிழ் - ஆங்கில அகராதி தொகுத்தவர். பிற்காலத்தில் சென்னை வேப்பேரியில் வாழ்ந்து 1836-இல் மறைந்தார். ராட்லரின் நினைவாக இந்தக் கபில மரத்துக்கு ராட்லரா என்று தாவரவியலாளர் ராக்ஸ்பரோ பெயரிட்டார். தாவரவியலில் அந்தப் பெயர் இப்போது வழக்கில் இல்லை. ஆனால் தூளிலிருந்து பிரித்தெடுத்த பொருளுக்கு வந்த பெயர் நிலைத்துவிட்டது: ராட்லரின். சால்கோனின் எலும்புக்கூடு அப்படியே அதற்குள் இருக்கிறது.

1994-இல் ராட்லரினுக்கு ஒரு திடீர்ப் புகழ் வந்தது. புரோட்டீன் கைனேஸ் சி குடும்பத்தில் டெல்டா என்ற ஒரு நொதியை மட்டும் இது குறிபார்த்துத் தடுக்கிறது என்று ஓர் ஆய்வு சொன்னது. உடனே உலகமெங்கும் ஆய்வகங்கள் வாங்கின. செல்லில் ராட்லரின் போட்டதும் ஏதாவது நின்றுபோனால், அங்கே டெல்டா நொதிதான் வேலை செய்கிறது என்று முடிவு கட்டி வரிசையாகக் கட்டுரைகள் வெளிவந்தன. 2000-இல் டண்டீ பல்கலைக்கழகக் குழு சுத்தமான நொதிகளை வைத்து நேரடியாகச் சோதித்தபோது, டெல்டாவை அது தடுக்கவே இல்லை. வேறு நொதிகள் சிலவற்றைத் தடுத்தது. பிறகு வந்த ஆய்வுகளில் உண்மை துலங்கியது. செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவின் இணைப்பையே அது துண்டித்துவிடுகிறது. வீட்டு மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, சமையலறை விளக்குதான் கெட்டுப்போனது என்று சொல்வதுபோல் ஆகிவிட்டது அத்தனை ஆண்டு வேலை.

இதைச் சொல்லும்போது எனக்கு வருத்தம்தான் மிஞ்சுகிறது. அந்த ஆய்வகங்களில் இல்லாத கருவி இல்லை. அங்கேயே இப்படி என்றால், ஒரே ஒரு பெட்ரி தட்டை நம்பி நிற்கும் நம் மாணவரை யார் எச்சரிப்பது?

அந்தத் தட்டையே பார்ப்போம். முல்லர்-ஹின்டன் அகாரில் பாக்டீரியாவைப் பூசி, 6 மில்லிமீட்டர் தாள் வில்லையில் சால்கோன் கரைசலைத் தோய்த்து வைக்கிறார்கள். மறுநாள் வில்லையைச் சுற்றித் தெளிந்த வளையம் இருந்தால் ஆய்வேட்டில் "நல்ல செயல்திறன்" என்று ஏறிவிடும். சால்கோன் தண்ணீரில் கரையாத பிறவி. டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானில் கரைத்து வைத்தாலும் அகாரின் ஈரத்தில் பரவ மறுக்கும். வளையம் சிறிதாக இருப்பது பொருளின் பலவீனத்தாலா, அது நகராததாலா என்று வளையத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால்தான் குறைந்தபட்சத் தடுப்பு அளவை அளந்தாக வேண்டும். சாதாரண ஈ. கோலையைச் சிப்ரோஃப்ளாக்சசின் ஒரு மில்லிலிட்டருக்கு ஒரு மைக்ரோகிராமுக்கும் குறைவான அளவிலேயே அடக்கிவிடும். நம் பொருளுக்கு 500 மைக்ரோகிராம் தேவைப்பட்டால், அதை மருந்துக் கணக்கில் சேர்க்கக் கூடாது. போதிய அளவு போட்டால் உப்பும்தான் கிருமியைத் தடுக்கும், ஊறுகாய் கெடாமல் இருப்பது எதனால்?

புற்றுநோய்ச் செல்களை வைத்துச் செய்யும் எம்.டி.டி. சோதனையிலும் இதுபோல ஒரு பள்ளம் உண்டு. உயிருள்ள செல் மஞ்சள் சாயத்தை ஊதாவாக்கும், செத்த செல் ஆக்காது என்பதுதான் அதன் அடிப்படை. ஹைட்ராக்சி தொகுதிகள் நிறைந்த சால்கோன் சிலசமயம் செல்லே இல்லாமல் தானாகவே சாயத்தை ஊதாவாக்கிவிடும். செல் போடாத கிண்ணம் ஒன்றைப் பக்கத்தில் வைத்தால் போதும், தெரிந்துவிடும். ஆரோக்கியமான செல்லிலும் அதே பொருளைப் போட்டுப் பார்த்தால் கொக்கியின் குணம் வெளிப்பட்டுவிடும். புற்றுச் செல்லையும் நல்ல செல்லையும் ஒரே அளவில் கொல்வது நஞ்சு.

அப்படியானால் சால்கோனைக் கைவிட்டுவிடலாமா? கூடாது என்பதே என் உறுதியான எண்ணம். சீன வைத்தியத்தில் பயன்பட்ட சொஃபோரா வேரில் கிடைத்த ஒரு சால்கோனை முன்மாதிரியாக வைத்து, ஜப்பானியர்கள் சொஃபால்கோன் என்ற வயிற்றுப்புண் மருந்தைச் செய்து விற்பனைக்கே கொண்டுவந்தார்கள். தண்ணீரோடு ஒத்துப்போகும் ஓர் அமிலத் தொகுதி அதில் இருக்கிறது. இன்னொரு பக்கம் லிக்கோசால்கோன். அதிமதுர இனத்திலிருந்து கிடைத்த இது மலேரியாக் கிருமியைத் தடுக்கிறது, எலியையும் காக்கிறது என்று 1994-இல் கோபன்ஹேகன் குழு காட்டியது. மலேரியா மாத்திரையாக அது வரவில்லை. சருமக் கிரீமில் இடம்பிடித்திருக்கிறது.

கொக்கியையும் பழக்கி எடுக்க முடியும். சிறுநீர் பெருக்கும் எத்தாக்ரினிக் அமிலத்தில் சால்கோனில் உள்ளது போன்ற கொக்கிதான் இருக்கிறது. 2013-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற இப்ருட்டினிப், அஃபாட்டினிப் என்ற இரண்டு புற்றுநோய் மருந்துகளும் சிஸ்டீனின் கந்தகத்தைப் பற்றிக்கொண்டுதான் வேலை செய்கின்றன. அவற்றின் கொக்கி மந்தமானது. மூலக்கூறின் மற்ற பாகம் சரியான நொதியின் குழியில் போய் உட்கார்ந்த பிறகே கொக்கி கந்தகத்துக்கு எட்டும். சால்கோனிலும் வளையத்தில் எதை வைத்தால் கொக்கி வேகம் கொள்ளும், எதை வைத்தால் அடங்கும் என்பதை அளந்து பார்க்கலாம். அதற்கு வெளிநாட்டு ஆய்வகம் வேண்டாம்.

சிஸ்டீன் எந்த ரசாயனக் கடையிலும் கிடைக்கும். நூறு சால்கோன் செய்த மாணவர் நூறு சோதனைக் குழாய்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் சிஸ்டீனையும் தன் சால்கோனையும் கலந்து, துறையில் இருக்கும் யூ.வி. கருவியில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வைத்துப் பார்க்கட்டும். கொக்கி கந்தகத்தைப் பற்றப் பற்ற, சால்கோன் ஒளியை உறிஞ்சும் உச்சம் இறங்கும். சிலவற்றில் சட்டென்று, சிலவற்றில் மெதுவாக, சிலவற்றில் அசையவே அசையாது. பெட்ரி தட்டில் வளையம் காட்டிய சால்கோன்கள் எல்லாம் சட்டென்று இறங்கும் வரிசையிலேயே வந்து நின்றால், அவை கிருமியை ஏன் தடுத்தன என்பது தெரிந்துவிடும். உச்சம் இறங்காமலே கிருமியைத் தடுத்த ஒன்றிரண்டு அந்த நூறில் இருந்தால், அந்தக் குழாய்களைத் தனியே எடுத்து வைத்து, அவற்றிலிருந்து அடுத்த வேலையைத் தொடங்க வேண்டும்.