குளியலறைச் சுவரில் நடக்கும் விதை எது, தெரியுமா?

குளியலறைச் சுவரில், பீரோவுக்குப் பின்னால், ஸ்விட்ச் போர்டுக்கு மேலே, பூசணி விதையைப் போலச் சாம்பல் நிறத்தில் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்குமே, பார்த்திருக்கிறீர்களா? காரை உதிர்ந்து ஒட்டியிருக்கிறது என்று விளக்குமாற்றால் தட்டிவிட்டிருப்பீர்கள். அதற்குள் உயிர் இருக்கிறது! அது ஒரு சின்ன அந்துப்பூச்சியின் புழு. தன் பட்டு நூலில் மணலையும் தூசியையும் ஒட்டிச் செய்த பைக்குள்ளேயே அது குடியிருக்கிறது. பைக்கு இரண்டு முனையிலும் வாசல். எந்தப் பக்கமாக வேண்டுமானாலும் தலையை நீட்டி, வீட்டையும் இழுத்துக்கொண்டு சுவரேறும். சாப்பாடு என்ன தெரியுமா? பழைய சிலந்தி வலை, உதிர்ந்த முடி, கம்பளி நூல். பொங்கலுக்குப் பொங்கல் நாம் ஒட்டடை அடிக்கிறோம். அது தினமும் தின்று தீர்க்கிறது!

பூச்சி பார்க்கக் காட்டுக்குப் போக வேண்டியதில்லை. கையிலிருக்கும் விளக்குமாற்றை ஐந்து நிமிடம் கீழே வைத்தால் போதும்.

சமையலறைக்குள் மரகதப் பச்சையில் மினுமினுக்கும் குளவி ஒன்று நுழைந்தால் விரட்டாதீர்கள். அது கரப்பான் பூச்சியைத் தேடி வந்த வேட்டைக்காரி. முதல் கொட்டு மார்பில். கரப்பானின் முன்கால்கள் சற்று நேரம் செயலிழக்கும். இரண்டாவது கொட்டு, குறி தவறாமல், மூளையில்! கரப்பான் சாகாது. கால்களும் வேலை செய்யும். ஆனால் ஓட வேண்டும் என்ற எண்ணமே அதற்கு அற்றுப்போகும். குளவி அதன் உணர்கொம்புகளைப் பாதியாகக் கடித்து, கசியும் நீரைக் குடித்துவிட்டு, மிச்சமிருக்கும் கொம்பைப் பிடித்துத் தன் பொந்துக்கு நடத்திக்கொண்டு போகும். அதுவும் சாதுவாகப் பின்னால் நடக்கும்! அங்கே அதன் காலில் ஒரு முட்டையை இட்டு, வாசலைச் சிறு கற்களால் அடைத்துவிடும். வெளிவரும் புழுவுக்கு உயிரோடிருக்கும் கரப்பானே உணவு. இத்தனையும் சிங்க்குக்கு அடியில் நடக்கிறது; நாமோ பேய்ப்படம் பார்க்கக் காசு கொடுத்துத் தியேட்டருக்குப் போகிறோம்.

ஜன்னல் மூலையில் மண்கூடு கட்டும் குளவி இதைவிடப் பழகிய முகம். புழுவைக் கொண்டுவந்து அடைத்து, கொட்டிக் கொட்டியே அதையும் குளவியாக்கிவிடும் என்று நம் ஊரில் காலங்காலமாகச் சொல்லிவந்தார்கள். நடப்பது வேறு. பானை போன்ற கூடு கட்டும் வகை, காலிக் கூட்டின் கூரையிலிருந்து மெல்லிய நூலில் ஒரு முட்டையைத் தொங்கவிடும். பிறகுதான் கொட்டி மயக்கிய புழுக்களை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து நிரப்பி வாயை மூடும். கொண்டுவந்த புழு குளவியாவதில்லை, குளவிக் குஞ்சுக்குச் சோறாகிறது! குளவி கூடு கட்டினால் வீட்டில் பிள்ளை பிறக்கும் என்றும் பாட்டிகள் சொல்வார்கள். அறிவியல்படி அது பொய்தான். ஆனாலும் அந்தப் பொய்யால் எத்தனையோ கூடுகள் உடைபடாமல் தப்பியதால், எனக்கு அதன் மேல் கோபமில்லை.

இந்தத் தொங்கும் முட்டையைப் பற்றி ரசித்து எழுதியவர் பிரான்ஸின் ழான் ஆன்றி ஃபாப்ர். 1879-இல், ஐம்பத்தைந்து வயதில், செரிஞான் என்ற ஊரில் கல்லும் முள்ளுமாகக் கிடந்த ஒரு நிலத்தை வாங்கினார். பயிர் செய்ய அல்ல, பூச்சி பார்க்க! 1915-இல் இறக்கும்வரை அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவ்வளவு நிலம் நமக்கு எதற்கு? தொட்டியில் ஒரு கறிவேப்பிலைச் செடி போதுமே! கொழுந்தில் காக்கை எச்சம் போலக் கிடப்பதை உற்றுப் பாருங்கள், நகரும். கறிவேப்பிலை அழகி என்ற வண்ணத்துப்பூச்சியின் இளம் புழு அது. எச்சத்தை எந்தப் பறவை கொத்தும்? வளர வளர எச்ச வேடத்தைக் களைந்து இலைப்பச்சைக்கு மாறிவிடும். அப்போது மெல்லச் சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து சிவந்த, இரட்டைக் கொம்பு போன்ற ஒன்று குபுக்கென்று வெளியே வந்து நாறும்! இறக்கை முளைத்த பிறகும் வேடம் தொடர்கிறது. இதன் பெண்களில் சில, பறவைகள் தொடாத நச்சுள்ள ரோஜா அழகி என்ற இன்னொரு வண்ணத்துப்பூச்சியைப் போலவே உடுத்திக்கொண்டு திரியும். ரசத்துக்கு நாலு இலை குறைந்தால் குறையட்டும்.

மாமரத்தில் இலைகளைத் தைத்து வீடு கட்டும் முசுறு எறும்புக்கு நூல் ஏது? வளர்ந்த எறும்புக்குப் பட்டு சுரக்காது. எனவே தன் குஞ்சுப்புழுவை வாயில் கவ்வி, இரண்டு இலை விளிம்புகளையும் அதன் வாயால் மாறி மாறித் தொடவைக்கும். புழு நூல்விட, இலைகள் ஒட்டும். குழந்தைத் தொழிலாளர்தான், வேறென்ன! அந்த எறும்புக் கூட்டத்தின் அருகில் எட்டுக் கால் உள்ள ‘எறும்பு’ தெரிந்தால் அது சிலந்தி. முன்கால் இரண்டையும் உணர்கொம்பு போல ஆட்டி ஏமாற்றும்.

திண்ணையோரப் புழுதியில் கூம்பு வடிவக் குழி பறித்து, எறும்பு சறுக்கி விழக் காத்திருக்கும் குழிநரி என்ற பூச்சியின் புழுவுக்கு ஆசனவாய் கிடையாது. புழுவாக இருக்கும் காலம் முழுக்கத் தின்றதன் திடக்கழிவை, இறக்கை முளைத்து வெளியே வந்த பிறகுதான் கழிக்கும்!

ஐப்பசியில் மொட்டைமாடிக்கு மேலே கூட்டமாக மிதக்கும் மஞ்சள் தட்டானை நாம் மழை அறிகுறியாக மட்டுமே பார்க்கிறோம். நன்னீர் தேங்குவதே அரிதான மாலத்தீவுக்கும் ஒவ்வோர் அக்டோபரிலும் இவை லட்சக்கணக்கில் வந்திறங்குகின்றன. எங்கிருந்து? அங்கே வாழ்ந்த கடல் உயிரியலாளர் சார்லஸ் ஆண்டர்சன் 2009-இல் விடை சொன்னார்: தென்னிந்தியாவிலிருந்து காற்றின் மேலேறி, மாலத்தீவு வழியாகக் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு! போய்த் திரும்பும் வட்டம் 14,000 முதல் 18,000 கிலோமீட்டர். பல தலைமுறைகள் சேர்ந்து முடிக்கும் பயணம். உடல் நீளமோ சுமார் நாலரை சென்டிமீட்டர்!

இரவிலும் பார்க்கலாம். கொடியில் ஒரு வெள்ளை வேட்டியை விரித்துக் கட்டி, முன்னால் ஒரு விளக்கைப் போடுங்கள். பக்கத்தில் அரளியோ நந்தியாவட்டையோ இருந்தால், பச்சையும் இளஞ்சிவப்பும் கலந்த பெரிய பருந்து அந்துப்பூச்சி வந்து உட்காரலாம். விடிவதற்குள் விளக்கை அணைத்துவிடுங்கள். கரிச்சான் குருவிக்குத் தகவல் போய்விட்டால் வேட்டியில் பந்தி நடத்திவிடும்.