லாப்டேவ் கடல்: வரைபடத்தில் பெயர் மாறிப்போன பெண்!

ரஷ்யாவின் வடகோடியில், ஆண்டின் பெரும்பகுதி உறைந்தே கிடக்கிறது லாப்டேவ் கடல். மேற்கே டைமிர் தீபகற்பம், கிழக்கே நியூ சைபீரியத் தீவுகள், தெற்கே சைபீரியப் பெருநிலம். பரப்பளவு 6.5 லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் மேல். ஆனால், பாதிக்கும் மேற்பட்ட இடங்களில் ஆழம் 50 மீட்டரைக்கூடத் தாண்டாது. சுமார் 4,400 கிலோமீட்டர் ஓடிவரும் லேனா நதி, இங்கேதான் கடலில் கலக்கிறது.

பனி பிறக்கும் இடம்

ஆர்க்டிக்கின் 'பனித் தொழிற்சாலை' என்றே இந்தக் கடலைச் சொல்வார்கள். குளிர்காலத்தில் கரையிலிருந்து வீசும் காற்று, உறைந்த பனியைத் தள்ளிக்கொண்டே போகும். திறந்துகொள்ளும் நீர்ப்பரப்பு மறுபடி உறையும். இப்படி உருவாகும் பனி, நீரோட்டத்தோடு மிதந்து கிரீன்லாந்து பக்கம் வரை போகிறது. 2020-ல் அக்டோபர் பிற்பகுதி வந்தும் இந்தக் கடல் உறையத் தொடங்காதது, விஞ்ஞானிகளைக் கவலையில் ஆழ்த்தியது.

பெயர் வந்த கதை

18-ம் நூற்றாண்டில், சைபீரியாவின் வடக்குக் கரையை அளந்து வரைபடம் தயாரிக்க ரஷ்ய அரசு கடற்படையினரை அனுப்பியது. அவர்களில் இருவர், ஒன்றுவிட்ட சகோதரர்களான டிமிட்ரி லாப்டேவ், காரிட்டன் லாப்டேவ். லேனா முகத்துவாரத்திலிருந்து கிழக்கே டிமிட்ரி, மேற்கே காரிட்டன் எனப் பிரிந்து போனார்கள். ஒரு காலத்தில் ஸ்வீடன் ஆய்வாளர் நோர்டென்ஷியோல்டின் பெயரால் அழைக்கப்பட்ட கடலுக்கு, 1935-ல் இவர்களின் பெயர் சூட்டப்பட்டது.

ஆனால், மேற்குக் கரைக்கு முதலில் போனது காரிட்டன் அல்ல. 'யாகுட்ஸ்க்' என்ற அதே கப்பலில் அவருக்கு முன்பே போனவர், வாசிலி ப்ரோன்சிஷேவ். கூடவே அவர் மனைவியும் போனார். புதிதாகத் திருமணமான ஜோடி!

இரண்டே வார இடைவெளி

1735-ல் லேனா வழியாக இறங்கியவர்கள், ஒலென்யோக் ஆற்று முகத்துவாரத்தில் குளிர்காலத்தைக் கழித்தார்கள். 1736 கோடையில் 77 டிகிரி வட அட்சரேகையைத் தாண்டினார்கள். அதற்கு மேல் பனி வழிவிடவில்லை. திரும்பி வந்த நிலையில், ஆகஸ்ட் இறுதியில் வாசிலி இறந்தார். இரண்டு வாரத்தில் மனைவியும் இறந்தார். ஆற்றங்கரையில் இருவரையும் ஒன்றாகப் புதைத்தனர். ஆர்க்டிக் ஆய்வுப் பயணத்தில் பங்கேற்ற முதல் பெண்ணாக அவரைக் குறிப்பிடுகிறார்கள்.

வாசிலி ஸ்கர்வி நோயால் இறந்ததாகத்தான் நெடுநாள் நம்பினார்கள். 1999-ல் கல்லறையைத் தோண்டி ஆய்வு செய்தபோது, கால் எலும்பு முறிந்ததால் ஏற்பட்ட சிக்கலே காரணம் எனத் தெரிந்தது.

ஓர் எழுத்து செய்த குழப்பம்

டைமிர் கரையில் ஒரு முனைக்கு அந்தப் பெண்ணின் நினைவாகப் பெயர் வைத்தார்கள். ரஷ்ய மொழியில் முனைக்கு 'மிஸ்' என்று பெயர். வரைபடத்தில் அதன் முதல் எழுத்தை மட்டும் சுருக்கிப் போட்டிருந்தார்கள். பின்னால் வந்தவர்கள் அதைப் பெண்ணின் பெயருக்கான இனிஷியல் என்று நினைத்து 'மரியா' ஆக்கிவிட்டார்கள் என்கிறார்கள். அருகிலிருக்கும் விரிகுடாவும் 'மரியா ப்ரோன்சிஷேவா' ஆனது.

1980-களில் பழைய ஆவணங்களைத் தேடியபோதுதான் உண்மை வெளிவந்தது. அவர் பெயர் டாட்டியானா. 23 வயதில் இறந்தவருக்குச் சொந்தப் பெயர் திரும்பக் கிடைக்க, கிட்டத்தட்ட 250 ஆண்டுகள் ஆகியிருக்கிறது. விரிகுடா மட்டும் வரைபடங்களில் இன்னும் மரியாவாகவே இருக்கிறது!