சந்தேகிக்கும் மனிதன்: ஹென்றி ஃபொன்டாவின் சில திரைப்படங்கள்

எமது சிறுசஞ்சிகைச் சூழலில் சினிமா பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் நெறியாளர்களைப் பற்றியே எழுதி வந்திருக்கிறோம். ராய், பேர்க்மன், கொடார்ட் என்று நீளும் அந்த வரிசையில் நடிகர்களுக்கு இடமில்லை. நடிகரைப் பற்றிப் பேசுவது ரசிகர் மன்றத்தின் வேலை என்ற எண்ணம் எம்மிடம் வேரூன்றியிருக்கிறது. நடிகரை வழிபட்டு, அவரை முதலமைச்சராகவும் ஆக்கிப் பார்த்த ஒரு மொழிச் சூழலில் இந்த எச்சரிக்கை உணர்வு நியாயமானதே. ஆயினும் ஒரு நடிகரின் படங்களை வரிசையாகப் பார்க்கும்போது, தனியொரு நெறியாளரின் படங்களில் கிடைக்காத ஒரு விவாதம் அவற்றுக்கிடையே நடைபெறுவதைச் சிலவேளைகளில் காணமுடிகிறது. ஹென்றி ஃபொன்டா (1905–1982) அத்தகைய ஒரு நடிகர்.

1935இல் தொடங்கி 1981 வரை நீண்ட திரைவாழ்வு அவருடையது. 'தி லேடி ஈவ்' (1941) போன்ற நல்ல நகைச்சுவைப் படங்களும், மறந்துவிடக்கூடிய பல படங்களும் அதற்குள் அடங்கும். அவற்றில் சிறந்தவை எவை என்று கேட்டால் நான் 7 படங்களைச் சொல்வேன். வெவ்வேறு நெறியாளர்களால் ஆக்கப்பட்ட அந்த 7 படங்களிலும் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. ஒருவன் குற்றவாளி என்று எல்லோரும் முடிவு செய்துவிட்ட பிறகு, அங்கே நிற்கும் தனிமனிதன் என்ன செய்ய வேண்டும்?

ஓமஹா, 1919

1919 செப்ரெம்பர் 28ஆம் திகதி, நெப்ராஸ்கா மாநிலத்தின் ஓமஹா நகரில், வில் பிரவுன் என்ற கறுப்பினத் தொழிலாளி ஒரு வெள்ளைப் பெண்ணைத் தாக்கியதாகக் குற்றஞ்சாட்டப்பட்டு நீதிமன்றக் கட்டிடத்தில் அடைக்கப்பட்டிருந்தார். ஆயிரக்கணக்கானோர் அக்கட்டிடத்தைச் சூழ்ந்து தீ வைத்தனர். தடுக்க வந்த நகர மேயரின் கழுத்திலும் கயிறு மாட்டப்பட்டது. அவர் மயிரிழையில் தப்பினார். பிரவுனை வெளியே இழுத்து வந்து தூக்கிலிட்டு, சுட்டு, எரித்தனர். விசாரணை எதுவும் நடைபெறவில்லை.

ஃபொன்டாவின் தந்தை அவ்விடத்தில் ஓர் அச்சகம் நடத்தி வந்தார். 14 வயது மகனை அன்று அங்கு கூட்டிச் சென்று, மாடி யன்னலால் அனைத்தையும் பார்க்க வைத்தார். உபதேசம் எதுவும் செய்யவில்லை. பேசாமலே வீடு திரும்பினர். இதனை ஃபொன்டா தனது சுயசரிதையில் பதிவு செய்திருக்கிறார். ஒரு நடிகரின் படங்கள் அனைத்தையும் அவரது சிறுபராய அனுபவம் ஒன்றினால் விளக்கிவிட முடியாது என்பது உண்மையே. கதைகளை அவர் எழுதவில்லை. ஆனால் அந்த யன்னலருகே நின்ற சிறுவனை அறிந்த பின்னர், இப்படங்களில் அவரது முகத்தில் தெரியும் அமைதியை வெறும் பாணி என்று கொள்வது கடினம்.

விருப்பமும் உண்மையும்

முதலாவது படம் 'யூ ஒன்லி லிவ் வன்ஸ்' (1937). நெறியாளர் ஃபிறிற்ஸ் லாங், 1933இல் நாஸி ஜேர்மனியை விட்டு வெளியேறியவர். சிறையிலிருந்து மீண்ட ஒருவனைச் சமூகம் மறுபடியும் குற்றவாளியாகவே பார்க்கிறது. செய்யாத கொலைக்கு மரணதண்டனை விதிக்கப்படுகிறது. அவன் சிறையிலிருந்து தப்ப முயலும் வேளையில், நிரபராதி என்று விடுதலைக் கட்டளை வருகிறது. அவன் அதை நம்பவில்லை. பொய் என்று நினைத்து, தன்மீது அன்பு கொண்ட பாதிரியாரையே சுட்டுவிடுகிறான். பொய்க் குற்றச்சாட்டு ஒருவனை இறுதியில் உண்மையான குற்றவாளியாக்கிவிடுகிறது. உண்மை வந்து சேர்ந்தபோதும் அதை நம்பும் சக்தி அவனிடம் மிஞ்சியிருக்கவில்லை என்பதே இப்படத்தின் துயரம்.

ஜோன் ஃபோர்ட்டின் 'யங் மிஸ்டர் லிங்கன்' (1939) இதற்கு நேரெதிரானது. இளம் வழக்கறிஞரான லிங்கன் சிறைவாசலில் தனியாக நின்று, இரு சகோதரர்களைத் தூக்கிலிட வந்த கும்பலைப் பகிடியாலும் நாணத்தாலும் கலைத்து அனுப்புகிறார். பின்னர் நீதிமன்றத்தில் ஒரு பஞ்சாங்கத்தைக் காட்டி, சாட்சி சொன்ன நிலவொளி அன்றிரவு இருந்திருக்க முடியாது என்று நிரூபிக்கிறார். ஐசன்ஸ்ரைன் இப்படத்தை வியந்து எழுதினார். பாரிசின் 'கையே து சினமா' ஆசிரியர் குழு 1970இல் இதனை மார்க்சிய, உளப்பகுப்பாய்வு நோக்கில் கட்டுடைத்து எழுதிய நீண்ட கட்டுரை, சினிமாக் கோட்பாட்டில் ஒரு திருப்புமுனையாகக் கருதப்படுகிறது. எனக்கு இங்கு முக்கியமாகப்படுவது வேறொன்று. ஓமஹாவில் மேயர் முயன்று தோற்றதை லிங்கன் திரையில் செய்து வெல்கிறார். இது அமெரிக்கா தன்னைப் பற்றிக் காண விரும்பிய கனவு.

அந்தக் கனவைக் கலைப்பது வில்லியம் வெல்மனின் 'தி ஒக்ஸ்-போ இன்சிடென்ற்' (1943). 75 நிமிடங்களே ஓடும் இப்படத்தைத் தனது ஸ்ரூடியோ காலத்துப் படங்களில் தான் விரும்பிய மிகச் சிலவற்றுள் ஒன்றாக ஃபொன்டா கருதினார். 1885, நெவாடா. ஒரு பண்ணையாளர் கொலை செய்யப்பட்டதாகச் செய்தி வருகிறது. ஊரார் குதிரையேறிச் சென்று 3 வழிப்போக்கர்களைப் பிடிக்கின்றனர். விடியும்வரை காத்திருக்கின்றனர். விருப்பமில்லாதவர்கள் ஒருபக்கம் வந்து நிற்கலாம் என்று வாக்கெடுப்பும் நடக்கிறது. 7 பேர் மட்டுமே விலகி நிற்கின்றனர். பெரும்பான்மை முடிவின்படி மூவரும் தூக்கிலிடப்படுகின்றனர். திரும்பும் வழியில், கொல்லப்பட்டதாகச் சொல்லப்பட்ட பண்ணையாளர் உயிரோடிருப்பது தெரியவருகிறது.

இதில் ஃபொன்டா எவரையும் காப்பாற்றவில்லை. ஆரம்பத்தில் தன்மேல் சந்தேகம் வந்துவிடுமோ என்ற பயத்தாலேயே அவர் அந்தக் கூட்டத்தோடு போகிறார். விலகி நிற்கும் 7 பேரில் ஒருவராக இருந்தும் முடிவை மாற்ற முடியவில்லை. இறுதியில் மதுக்கடையில், தூக்கிலிடப்பட்டவன் மனைவிக்கு எழுதிய கடிதத்தை வாசிக்கிறார். அருகில் நிற்கும் நண்பனின் தொப்பி விளிம்பு அவரது கண்களை மறைக்க, அசையும் வாய் மட்டுமே தெரிகிறது. கண்களால் பேசும் நடிகரின் கண்களை மறைத்து அந்தக் காட்சியை எடுத்திருக்கிறார் வெல்மன். கும்பல் என்பது வெறியர்களால் மட்டும் ஆனதல்ல, அதில் பயந்தவர்களும் இருக்கிறார்கள், வாக்கெடுப்பு நடந்துவிட்டது என்பதால் கொலை நீதியாகிவிடாது என்பதை இவ்வளவு சிக்கனமாகச் சொன்ன படங்கள் குறைவு. மின்கம்பங்களை நினைவில் சுமந்து வந்த எமக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

முகமற்ற குற்றவாளி

'தி கிரேப்ஸ் ஒவ் ராத்' (1940) ஸ்ரைன்பெக்கின் நாவலைத் தழுவி ஜோன் ஃபோர்ட் நெறிப்படுத்தியது. ரொம் ஜோட் பாத்திரத்தைப் பெறுவதற்காகவே ஃபொன்டா ருவென்ரியத் செஞ்சரி ஃபொக்ஸ் நிறுவனத்துடன் 7 வருட ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டார். பின்னர் அதற்காக வருந்தவும் செய்தார். ஒக்லஹோமாவில் நிலம் பறிபோன ஒரு குடும்பம் பழைய வண்டியொன்றில் கலிபோர்னியா நோக்கிச் செல்கிறது. தங்கும் இடமெல்லாம் விரட்டப்படுகிறது.

இங்கு கேள்வி வேறொரு வடிவம் எடுக்கிறது. வீட்டை இடிக்க உழவு இயந்திரத்தோடு வருபவனைச் சுட எண்ணித் துவக்கைத் தூக்குகிறான் ஒரு விவசாயி. வந்தவனோ அயலவரின் மகன். அவனை அனுப்பியது கம்பனி. கம்பனிக்குப் பின்னால் வங்கி. வங்கிக்குப் பின்னால் யாரென்று எவருக்கும் தெரியாது. சுடுவதற்கு ஒரு முகம் இல்லை. கும்பலுக்கு முகம் மிக எளிதில் கிடைத்துவிடுகிறது. சுரண்டலுக்கோ முகம் கிடைப்பதேயில்லை. அரசாங்க முகாமில் நடனத்தின்போது கலகம் மூட்ட அனுப்பப்பட்டவர்களை முகாமின் குழுவினர் அடிதடியின்றி வெளியேற்றுகிறார்கள். லிங்கன் தனியாகச் செய்ததை இங்கே சாதாரண சனங்கள் சேர்ந்து செய்கிறார்கள்.

படத்தின் மீது ஒரு விமர்சனம் உண்டு. நாவலில் முகாம் இடையில் வருகிறது. கதை வெள்ளத்திலும், செத்துப் பிறந்த குழந்தையிலும், பட்டினியிலும் முடிகிறது. திரைப்படம் முகாமைப் பிற்பகுதிக்கு நகர்த்தி, தாயின் நம்பிக்கை வார்த்தைகளோடு முடிகிறது. இதனை ஹொலிவூட்டின் சமரசம் என்பதில் தவறில்லை. ஆயினும் கிரெக் ரோலண்டின் ஒளிப்பதிவில், இருளில் ஒற்றை வெளிச்சத்தில் தெரியும் அந்த அகதிகளின் முகங்களைச் சமரசம் எனச் சொல்ல முடியாது.

அடையாளம் காணல்

ஹிட்ச்கொக்கின் 'தி றோங் மான்' (1956) உண்மைச் சம்பவம் ஒன்றைக் கொண்டது. நியூயோர்க்கில் இரவு விடுதியொன்றின் வாத்தியக்காரரான மானி பலஸ்ரேரோ, மனைவியின் பல் வைத்தியத்துக்குக் கடன் பெறக் காப்புறுதி அலுவலகத்துக்குப் போகிறார். முன்பு அங்கே கொள்ளையிட்டவன் இவர்தான் என்று ஊழியர்கள் நினைக்கின்றனர். பொலிசார் அவரைக் கடைகளுக்குக் கூட்டிச் சென்று மேலும் கீழும் நடக்கச் செய்து, கடைக்காரரிடம் காட்டுகின்றனர். கொள்ளையன் கொடுத்த துண்டுக்கடிதத்தின் வாசகத்தை எழுதச் சொல்கின்றனர். தற்செயலாக அதே எழுத்துப்பிழை வந்துவிடுகிறது. எவரும் பொய் சொல்லவில்லை, எவரும் அடிக்கவில்லை. எல்லோரும் மரியாதையாகவே நடந்துகொள்கின்றனர். அதுவே படத்தின் பயங்கரம். உண்மையான கொள்ளையன் அகப்பட்ட பின்னர், அவரைக் காட்டிக்கொடுத்த பெண்கள் அவரது முகத்தைப் பாராமல் கடந்து போகின்றனர். மனைவியோ இதற்கிடையில் மனநோய்க்கு ஆளாகிவிடுகிறார். விடுதலை கிடைக்கிறது, வாழ்க்கை திரும்பக் கிடைப்பதில்லை.

12 பேர், ஓர் அறை

அடுத்த ஆண்டில் வந்த '12 அங்ரி மென்' (1957) ஃபொன்டா தானே முன்வந்து, கதாசிரியர் ரெஜினால்ட் ரோசுடன் சேர்ந்து தயாரித்தது. சிட்னி லூமெற்றின் முதலாவது திரைப்படம். பேர்லின் விழாவில் தங்கக்கரடி பெற்றும் வசூலில் தோற்றது. ஒளிப்பதிவாளர் போரிஸ் கௌஃப்மன், சோவியத் நெறியாளர் ஸிகா வேர்ரோவின் சகோதரர். லூமெற் கமராவை முதலில் கண்மட்டத்துக்கு மேலும், பின்னர் கண்மட்டத்திலும், இறுதியில் அதற்குக் கீழும் வைத்தார்; வில்லைகளின் குவியத் தூரத்தையும் படிப்படியாகக் கூட்டினார். அதனால் சுவர்கள் நெருங்கி, கூரை தெரியத் தொடங்கி, அறை சுருங்குவதைப் பார்வையாளர் அறியாமலே உணர்கிறார்.

தந்தையைக் கொன்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட இளைஞன் ஒருவனுக்கு 11 ஜூரிகள் குற்றவாளி என்கின்றனர். 8ஆம் ஜூரியான ஃபொன்டா மட்டும் இல்லை என்கிறார். அவன் நிரபராதி என்று அவர் சொல்லவில்லை. தனக்குத் தெரியாது என்கிறார். 5 நிமிடத்தில் ஓர் உயிரைத் தீர்மானிக்க முடியாது என்கிறார். ஒரு கட்டத்தில், இரகசிய வாக்கெடுப்பில் எவரும் தன்னோடு சேராவிட்டால் தானும் விட்டுக்கொடுப்பதாகச் சொல்கிறார். அவர் அசையாத பாறையல்ல. கொலையைச் செய்தது யார் என்பது இறுதிவரை எமக்குத் தெரிவதில்லை. உண்மையைக் கண்டுபிடிக்கும் கதையல்ல இது. போதிய ஆதாரமின்றித் தண்டிக்க மறுக்கும் கதை.

குறைகளும் உண்டு. ஜூரிகளில் பெண் எவருமில்லை, கறுப்பினத்தவர் எவருமில்லை. தானே வெளியில் போய் அதேபோன்ற கத்தியொன்றை வாங்கி வருவது உண்மையான நீதிமன்றத்தில் ஒரு ஜூரி செய்யக்கூடாத காரியம்.

பலரும் கவனியாத ஒருவர் 11ஆம் ஜூரி. ஐரோப்பாவிலிருந்து வந்து குடியேறிய மணிக்கூட்டுக்காரர். அவராக நடித்த ஜோர்ஜ் வொஸ்கோவெக், பிராக்கின் புகழ்பெற்ற 'விடுதலை அரங்கின்' நாடகாசிரியர். 1939இல் அமெரிக்காவுக்குத் தப்பி வந்தவர். நாடு திரும்பி, மீண்டும் வெளியேறி 1950இல் அமெரிக்கா வந்தபோது, கம்யூனிச அனுதாபி என்ற சந்தேகத்தில் எல்லிஸ் தீவில் பல மாதங்கள் தடுத்து வைக்கப்பட்டார். பந்து விளையாட்டுப் பார்க்கப் போகும் அவசரத்தில் ஒரு ஜூரி தனது வாக்கைக் குற்றவாளியல்ல என்று மாற்றும்போது, இந்த அகதி அதை ஏற்க மறுத்துக் காரணம் கேட்கிறார். வாக்கு அவர் விரும்பிய பக்கத்துக்கே விழுந்திருக்கிறது. ஆயினும் காரணமற்ற கருணை அவருக்குப் போதாது. எட்டாமவரின் துணிவைவிட, இந்தப் பதினோராமவரின் கேள்வியே எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. தஞ்சக்கோரிக்கை விசாரணைகளில் சந்தேகம் எமக்கு எதிராகவே பயன்படுத்தப்படுவதை அறிந்தவர்கள் நாம். சந்தேகத்தின் பலன் என்பது தானாக வந்து விழும் தர்மமல்ல, ஒருவர் எழுந்து கேட்டால்தான் கிடைப்பது என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

நீலக் கண்கள்

இவ்விடத்தில் முடித்திருந்தால் ஃபொன்டா ஒரு நல்லவரின் சிலையாகிவிட்டிருப்பார். 1964இல் 'ஃபெயில் சேஃப்' படத்தில் அதே நிதானமான முகத்தோடு, தவறுதலாக அழிந்த மொஸ்கோவுக்கு ஈடாக நியூயோர்க்கின் மீதே குண்டு போடக் கட்டளையிடும் ஜனாதிபதியாக வந்தார். 1968இல் செர்ஜியோ லியோனே இன்னும் ஒரு படி போனார்.

'வன்ஸ் அப்பொன் எ ரைம் இன் த வெஸ்ற்' படத்துக்குப் பழுப்பு நிற வில்லைகளால் கண்களை மறைத்து, மீசையும் வைத்துக்கொண்டு வந்தார் ஃபொன்டா. வில்லன் அப்படித்தானே இருக்க வேண்டும்! லியோனே அனைத்தையும் களையச் சொன்னார். ஒரு குடும்பம் சுட்டு வீழ்த்தப்படுகிறது. எஞ்சி நிற்கும் சிறுவனை நோக்கிச் சிலர் வருகின்றனர். கமரா தலைவனைச் சுற்றி வந்து அவன் முகத்தைக் காட்டுகிறது: லிங்கன், ரொம் ஜோட், 8ஆம் ஜூரி. அவன் சிறுவனைச் சுடுகிறான்.

இது வெறும் அதிர்ச்சி வைத்தியமல்ல. 30 வருடங்களாக நாம் அந்த முகத்தை நம்பியிருந்தோம். ஆதாரம் எதையும் கேட்கவில்லை. 'தி றோங் மான்' படத்தில் சாட்சிகள் ஒரு முகத்தைப் பார்த்துத் தண்டித்தார்கள். நாமோ ஒரு முகத்தைப் பார்த்து விடுதலை செய்தோம். இரண்டும் ஒரே தவறு. 8ஆம் ஜூரி சொல்ல வந்ததும் இதுவே என்பதை லியோனேயின் கொலைகாரன் வந்த பிறகுதான் முழுதாகப் புரிந்துகொள்கிறோம்.

'ஒன் கோல்டன் பொன்ட்' (1981) படத்துக்காக 1982 மார்ச்சில் அவருக்குச் சிறந்த நடிகருக்கான ஒஸ்கார் கிடைத்தது. நோயுற்றிருந்த அவருக்காக மகள் ஜேன் அதனைப் பெற்றுக்கொண்டார். ஓகஸ்ட் 12ஆம் திகதி அவர் காலமானார். அது நல்ல படமே. எனது வரிசையில் அது இல்லை. புதிதாகப் பார்க்கத் தொடங்குபவர்கள் '12 அங்ரி மென்' பார்ப்பதற்கு முன்னர் 'தி ஒக்ஸ்-போ இன்சிடென்ற்' பார்க்க வேண்டும் என்பதே எனது ஆலோசனை. அந்த அறையில் ஒருவர் கை உயர்த்தாவிட்டால் என்ன நடக்கும் என்பதை முதலில் தெரிந்துகொள்வது நல்லது.